இரண்டு கல் உயரம்

டத்தோ கிராமட் பக்கம், சமூகக் கூடத்தில்
நான்கு மின்விசிறியில் மூன்றுதான் சுற்றுகிறது.
சுவரில் நான் ஒட்டிய பழுப்புத்தாளின் நடுவே
ஒரே சொல்: வெள்ளம்.
ஆளுக்கு ஐந்து மஞ்சள் சீட்டு, ஒரு பேனா.
எது கூடினால் எது கூடும், எது குறையும்,
எனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன் என்றேன்.
யாரும் நம்பவில்லை.

முதல் அரைமணி நேரம்
எல்லா அம்புகளும் கூடத்துக்கு வெளியேதான் போயின.
மலையை வெட்டுகிறவன்.
ஆயர் ஈத்தாமில் எழும்பும் கோபுரங்கள்.
பிளாஸ்டிக் பை. மாநகர் மன்றம்.
மன்றத்திலிருந்து வந்திருந்த என்சிக் ரொஸ்லான்
தம் சீட்டில் மழை என்று எழுதினார்,
மில்லிமீட்டரில்.
மதகு பார்க்கிற இருதயராஜ்தான்
'ஓதம் ஏறுற நேரம் மதகை மூடணும்.
மூடினா, உள்ளே பெய்யிறது எங்க போகும்?' என்று
ஓர் அம்பை வளைத்து வரைந்து, பாதியில் நிறுத்தி,
பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாதி மலாய், பாதி தமிழ், கொஞ்சம் ஹொக்கியன்.
கேட்டதை வரைந்தேன்.
கூட்டல் குறி, கழித்தல் குறி,
தாமதமாகிற இடத்தில் அம்பின் குறுக்கே இரண்டு கோடு.
'ஆறா இது? தட்டில் கொட்டின கோய் தியாவ்'
என்றார் மேடம் ஊய்.
சிரித்தோம்.
அதன் பிறகுதான் பேசினார்கள்.

'போன வருஷம் வாசலை இரண்டு கல் ஏற்றினேன்.
தண்ணீர் வரவே இல்லை.'
'உங்களுக்கு வரலை' என்றாள்
பக்கத்து வீட்டுப் பத்மலோசனி.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.

பின்வரிசையில் வடமலை எழுந்தார்.
கொத்து வேலை. சட்டைப்பையில் பில் புத்தகம்.
'நான் சொல்லலாமா தெரியல.
இந்த லோரோங்ல பதினேழு வாசல்
நான்தான் உயர்த்தினேன்.
ஒண்ணு முடிப்பேன், ஒரு மழை பெய்யும்,
அடுத்த வீட்டிலிருந்து போன் வரும்.
வரிசை தப்பினதே இல்ல.
தொழில் நல்லா போகுதுன்னு நினைச்சேன்.'

என்சிக் ரொஸ்லான்
நாற்பது பக்க அறிக்கையை மூடி மடியில் வைத்தார்.
என் கை தானாகவே எழுதிற்று,
பள்ளியில் படித்த அந்தாதி போல:
வாசல் உயர்ந்தால் அயல்வீட்டில் நீர்;
நீர் நுழைந்தால் நெஞ்சுக்குள் பயம்;
பயம் பிடித்தால் வடமலைக்கு அழைப்பு;
அழைப்பு வந்தால் இன்னொரு வாசல்.
புறப்பட்ட இடத்திலேயே
அம்பு வந்து முட்டியது.

'இதில என் வீடு எங்க?' என்றாள் பத்மலோசனி.

கடைசி வீடு. வாடகை வீடு.
உயர்த்த உரிமையாளர் ஒப்ப வேண்டும்;
அவர் ஜோகூரில் இருக்கிறார்.
குளிர்பெட்டிக்குப் பின்னால் சுவரில்
வெள்ளத்துக்கு ஒரு பென்சில் கோடு, தேதி போட்டு.
முதல் கோடு கணுக்கால்.
இப்போது சுவிட்சுக்கு ஒரு சாண் கீழே.
எதற்குக் கிழித்தாள் என்று கேட்டேன்.
'சும்மாதான். யார்கிட்ட சொல்றது?'

வடமலை பில் புத்தகத்தைப் புரட்டினார்.
அவர் ஒரு தேதி, அவள் ஒரு தேதி,
தாயம் ஆடுகிறவர்கள் போல மாறி மாறி.
அவருடைய ஒவ்வொரு தேதிக்கும்
சில வாரம் தள்ளி அவளுடையது ஒன்று.
அம்பின் குறுக்கே நான் போட்ட இரண்டு கோட்டுக்கு
அப்போதுதான் அளவு கிடைத்தது.

அந்தச் சுவரைப் படம் எடுக்கலாமா,
என்சிக் ரொஸ்லான் கேட்டார்.
'பெட்டியை நகர்த்த ரெண்டு ஆள் வேணும்.'
இருதயராஜ் கை தூக்கினார்.
மேடம் ஊய் தன் மஞ்சள் சீட்டை
நான்காக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தரை மணி.
தாளைச் சுருட்டப் போகையில்
வடமலையின் கைப்பேசி அடித்தது.
அவர் தாளைப் பார்த்தார்,
தன் பெயரிருந்த அம்பைப் பார்த்தார்,
பத்மலோசனியைப் பார்க்கவில்லை.
அடித்து ஓயப்போகிற நேரத்தில் எடுத்து
'எத்தனை கல்லு?' என்றார்.
பிறகு,
'இருங்க, இருங்க.
உங்களுக்கு அடுத்த வீட்டில
யார் இருக்காங்க?'